எலும்பை வளர்க்குமாம் அந்த எண்ணெய்: ஸ்காபரோ மூத்தோருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோவின் தமிழ் முதியோர் மன்றங்களில் கூடும் அம்மாமாரே, ஐயாமாரே,

உங்களில் பலரை எனக்கு முகத்தால் தெரியும். அதைவிடக் கூடுதலாக உங்கள் குளிசைப் பெட்டிகளால் தெரியும். யார் பிறெஷர் குளிசையை ஒருநாளும் தவறவிடாதவர், யார் சீனி வருத்தக் குளிசையைக் கலியாண வீட்டு நாள்களில் மட்டும் மறந்துபோகிறவர், யாருடைய கொலஸ்ரோல் மருந்து எடுக்க ஆளில்லாமல் கடையிலேயே கிடக்கிறது என்பதெல்லாம் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எனக்குத் தெரிந்துவிடுகிறது. கொஞ்சக் காலமாக உங்களில் சிலர் வரிசையில் பின்னால் நிற்பவரை முன்னே போகவிட்டு, கடைசி ஆளாக வந்து, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "தம்பி, அந்த எண்ணெய் எலும்புக்கு நல்லதாமே, உண்மையோ?"

கஞ்சா எண்ணெயைத்தான் கேட்கிறீர்கள். இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. பின்னால் நாலு பேர் மருந்துச் சீட்டோடு நிற்கும்போது நீட்டிக் கதைக்கவும் முடியாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். கனடாவில் 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி முதல் இது சட்டப்படி விற்கப்படும் பொருள். ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பிய எவரும் உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம்; உங்களுக்கு 19 எப்போதோ நிரம்பிவிட்டது. ஊரில் இந்தச் செடியின் பெயரைச் சொன்னால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம், நான் சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் மறைக்காதீர்கள். அது ஏன் என்று கீழே வருகிறேன்.

வட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் காணொளியை எனக்கும் மூன்று நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். எலும்பு தேயாது, தேய்ந்தது வளரும், முறிந்தது விரைவில் ஒட்டும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். முழுக்கப் பொய் என்றால் ஒரு வரியில் முடித்திருப்பேன். சிக்கல் என்னவென்றால், அவர் சொல்வதற்கு அடியில் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அவர் அதில் தனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றப் பாதியையும் நீங்கள் கேட்க வேண்டும், ஏனென்றால் கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது.

எலும்பை நாங்கள் உயிரில்லாத தூண் மாதிரி நினைக்கிறோம். உண்மையில் அது ரொறன்ரோ வீதிகள் மாதிரி. எந்த நேரமும் எங்கேயாவது கிண்டிக்கொண்டிருப்பார்கள். பழைய எலும்பை அரித்து எடுக்க ஒரு வகைக் கலங்கள் இருக்கின்றன. அந்தக் குழியில் புதிய எலும்பைப் போட வேறொரு வகைக் கலங்கள் இருக்கின்றன. வளர்ந்த ஒருவருடைய எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாக மாறுகிறது. முப்பது வயதுவரை போடுகிறவர்களின் கை ஓங்கியிருக்கும். பிறகு மெல்ல மெல்ல எடுக்கிறவர்களின் கை ஓங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எடுக்கிறவர்களைத் தடுக்க ஆளில்லாமல் போகிறது. எலும்புப்புரை, டொக்டர்மாரின் சொல்லில் ஒஸ்ரியோபொரோசிஸ், அப்படித்தான் வருகிறது. நோவும் இல்லை, வீக்கமும் இல்லை. முறியும்வரை ஒன்றும் தெரியாது.

இதற்குள் கஞ்சா எங்கே வந்தது?

1960களின் தொடக்கத்தில் ரபாயெல் மெச்சூலம் என்ற இளம் இரசாயனவியலாளர் இஸ்ரேலில் கஞ்சாவுக்குள் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினார். பொலிஸார் பிடித்து வைத்திருந்த ஹஷீஷில் ஐந்து கிலோவைக் கேட்டு வாங்கி, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறித் தன் ஆய்வுகூடத்துக்குப் போனாராம். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன இந்த மணம் என்று பார்த்தார்களாம். பின்னாளில் அவரே சிரித்துச் சொன்ன கதை இது. 1964இல் அவரும் அவருடைய தோழரும் போதை தரும் பொருளான ரிஎச்சியைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் காட்டினார்கள். போதை தராத சிபிடியின் அமைப்பை அதற்கு முந்திய ஆண்டே கண்டிருந்தார்கள். இன்று நீங்கள் வாங்கும் போத்தலில் எழுதியிருப்பவை இந்த இரண்டு பெயர்களும்தான்.

ஒரு செடியில் இருக்கும் பொருள் எங்கள் உடம்பில் வேலை செய்கிறது என்றால், அதைப் பிடித்துக்கொள்ள உடம்பில் ஓர் ஏற்பி இருக்க வேண்டும். சிபி1 என்ற ஏற்பியின் அமைப்பை 1990இலும் சிபி2 என்பதன் அமைப்பை 1993இலும் கண்டார்கள். சிபி1 பெரும்பாலும் மூளையிலும் நரம்பிலும் இருக்கிறது. போதை வருவது அதனால்தான். சிபி2 கூடுதலாக நோயெதிர்ப்புக் கலங்களில் இருக்கிறது. அதைத் தூண்டினால் தலை சுற்றாது. கடவுள் எங்களுக்குக் கஞ்சாவுக்கென்று பூட்டுச் செய்து அனுப்பியிருக்கமாட்டார்தானே. எங்கள் உடம்பே இதே மாதிரியான பொருள்களை, அதாவது கனபினொயிட்டுகளை, தானாகச் சுரக்கிறது. 1992இல் ஒன்று, 1995இல் இன்னொன்று என்று அவையும் அகப்பட்டன. பசி, நோ, நித்திரை, பயம் என்று எத்தனையோ காரியத்தில் அவற்றுக்குப் பங்கு உண்டு. எலும்புக்குள்ளும் உண்டு என்பதுதான் பிறகு வந்த செய்தி.

ஜெருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் இத்தாய் பாப் என்ற எலும்பு ஆராய்ச்சியாளர் இருந்தார். இப்போது உயிரோடு இல்லை. அவருடைய குழு 2006இல் ஒரு முடிவை வெளியிட்டது. சிபி2 இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிகளுக்கு வயது போகப்போக எலும்பின் உட்பகுதி மற்றச் சுண்டெலிகளைவிட வேகமாகக் குறைந்தது. பிறகு சாதாரண சுண்டெலிகளின் சூலகத்தை அகற்றினார்கள். எங்களில் மாதவிடாய் நின்ற அம்மாமாரின் நிலை அது. அவற்றுக்கு சிபி2வை மட்டும் தூண்டும் ஒரு செயற்கை மருந்தைக் கொடுத்தபோது எலும்பு இழப்பு குறைந்தது. அரிக்கும் கலங்கள் அடங்கின, கட்டும் கலங்கள் உசாராகின. போதையும் இல்லை. கேட்க நல்லாயிருக்கிறது, இல்லையா? காணொளிக்காரர் இந்த இடத்தில் தன் கதையை நிறுத்திவிட்டார்.

அதற்கு ஓராண்டு முன்பே ஸ்கொற்லாந்தில் ஸ்ருவர்ட் ரால்ஸ்ரன் என்பவருடைய குழு சிபி1 இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்திருந்தது. அவற்றின் எலும்பு மற்றவற்றைவிடத் தடிப்பாக இருந்தது. சூலகத்தை எடுத்த பிறகும் எலும்பு அவ்வளவாகக் குறையவில்லை. ஏற்பியை அடைக்கும் மருந்துகள் கொடுத்தாலும் அரிக்கும் கலங்கள் ஒடுங்கின. ஆக ஸ்கொற்லாந்துக்காரர் அடை என்கிறார், ஜெருசலேம்காரர் தூண்டு என்கிறார். ஏற்பி வேறு என்று சமாதானம் சொல்லலாம் என்றால், அடைத்தால் நன்மை தந்த மருந்துகளில் சிபி2வை அடைப்பதும் இருந்தது. ஜெருசலேமில் வேறோர் இனச் சுண்டெலியை எடுத்துப் பார்த்தபோது, சிபி1 இல்லாததற்கு எலும்பு கூடவில்லை, குறைந்திருந்தது. சுண்டெலியின் சாதி மாறினாலே விடை மாறுகிறது. எந்தச் சாதிச் சுண்டெலிக்கு நாங்கள் கிட்டவோ தெரியாது!

2009இல் ரால்ஸ்ரனின் குழுவே இன்னொரு முடிச்சைப் போட்டது. இளமையில் தடித்த எலும்போடு இருந்த அதே வகைச் சுண்டெலிகளை முதுமைவரை வளர்த்துப் பார்த்தார்கள். வயதானதும் அவற்றுக்கே எலும்புப்புரை வந்தது. மச்சைக்குள் எலும்பைக் கட்டும் கலமாக மாற வேண்டிய தாய்க் கலங்கள் கொழுப்புக் கலங்களாக மாறிப்போயிருந்தன. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு. இளசில் காத்த அதே காரியம் கிழட்டு வயதில் கெடுத்தது. இந்த ஆராய்ச்சிகள் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்ததும், எழுபது தாண்டிய உங்களுக்கு மிகவும் வேண்டியதும் இதுதான். இளம் சுண்டெலிக்கு நடந்ததைக் காட்டி உங்களிடம் எவராவது ஒன்றை விற்க வந்தால், கிழட்டுச் சுண்டெலிக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

சிபி1ஐ அடைக்கும் மருந்து ஒன்று ஐரோப்பாவில் 2006இல் உடல் மெலிவதற்காகக் கடைக்கே வந்தது. ரிமோனபான்ற் என்று பெயர். எடுத்தவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008இல் நிறுத்திவிட்டார்கள். மூளைக்கும் எலும்புக்கும் ஒரே ஏற்பி என்றால் இப்படித்தான். ஒரு கதவைச் சாத்தப் போனால் இன்னொன்றும் சாத்துப்படும்.

மூளையும் எலும்பும் இப்படிப் பிணைந்திருப்பதற்கு இன்னொரு அழகான சாட்சி உண்டு. தலையில் பலத்த அடிபட்டவர்களுக்குச் சில வேளைகளில் எலும்பு அளவுக்கு மிஞ்சி வளர்வதை டொக்டர்மார் நெடுங்காலமாகக் கண்டு வந்தார்கள். ஏன் என்று விளங்கவில்லை. 2008இல் ஜெருசலேம் குழு சுண்டெலிகளில் அதைப் பிரித்துப் பார்த்தது. எலும்புக்குள் ஓடும் நரம்பு நுனிகள் நொரட்றினலின் என்ற பொருளைச் சுரந்து எலும்பு கட்டுவதற்கு எப்போதும் ஒரு பிறேக் போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த நுனிகளில் சிபி1 இருக்கிறது. தலையில் அடிபட்டதும் எலும்புக்குள் எங்கள் சொந்தக் கனபினொயிட் கூடுகிறது, அது சிபி1இல் போய் ஒட்டுகிறது, பிறேக் தளர்கிறது, எலும்பு கட்டும் வேலை கூடுகிறது. சிபி1 இல்லாத சுண்டெலிக்குத் தலையில் அடிபட்டபோது இந்தக் கூடுதல் வளர்ச்சி நடக்கவில்லை. ஆக, கனபினொயிட்டுக்கும் எலும்புக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், ஓம், ஆழமான தொடர்பு உண்டு. அந்தப் போத்தலுக்கும் உங்கள் எலும்புக்கும் தொடர்பு உண்டா என்பது வேறு கேள்வி.

முறிந்தது விரைவில் ஒட்டும் என்ற பேச்சு 2015இல் வந்த ஓர் இஸ்ரேலிய ஆய்விலிருந்து புறப்பட்டது. எலிகளின் தொடை எலும்பை முறித்து, ஒரு பகுதிக்கு சிபிடி, ஒரு பகுதிக்கு ரிஎச்சி, ஒரு பகுதிக்கு இரண்டும் கலந்து கொடுத்தார்கள். ஆறாம், எட்டாம் கிழமைகளில் எலும்பை எடுத்து, எவ்வளவு பாரத்துக்கு முறிகிறது என்று பார்த்தார்கள். எட்டாம் கிழமையில் சிபிடி எடுத்த எலிகளின் எலும்பு கூடுதல் பாரம் தாங்கியது. முறிவைச் சுற்றி உருவான புது எலும்பு பெரிதாகவும் இல்லை, அடர்த்தியாகவும் இல்லை. அளவெடுத்தால் மற்றவற்றைப் போலத்தான். வித்தியாசம் உள்ளே இருந்தது. எலும்பின் கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பின்னிப் பிணைக்கும் நொதியின் வேலையை சிபிடி கூட்டியிருந்தது. ரிஎச்சி தனியாக அப்படி எதுவும் செய்யவில்லை. கலந்து கொடுத்தபோது, ஆறாம் கிழமையில் கைகொடுத்த ரிஎச்சி எட்டாம் கிழமையில் சிபிடியின் நன்மையையே குறைத்துவிட்டது. இரண்டும் கலந்ததுதான் கூடுதல் நல்லது என்று கடையில் ஆராவது சொன்னால் இந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எலியும் சுண்டெலியும் என்றால் மனிதர் எங்கே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2017இல் எடின்பரோவிலிருந்து, அதே ரால்ஸ்ரன் குழுவிடமிருந்து, ஓர் ஆய்வு வந்தது. கஞ்சா புகைக்கும் 170 பேரையும் சிகரெட் மட்டும் புகைக்கும் 114 பேரையும் ஒப்பிட்டார்கள். வாழ்நாளில் ஐயாயிரம் தடவைக்கு மேல் புகைத்தவர்களின் எலும்பு அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைவாக இருந்தது, முறிவுகளும் கூட. அவர்கள் மெலிந்தும் இருந்தார்கள். உடம்பு மெலிந்தால் எலும்பும் மெலியும் என்பதால் எது எதனால் என்று பிரிப்பது கடினம். அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசிய உடல்நல அளவீட்டில் இருந்த 4,743 பேரின் விபரங்களை எடுத்துப் பார்த்த இன்னொரு குழு, கஞ்சா எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் எலும்பு அடர்த்தியில் வித்தியாசம் இல்லை என்றது. ஆனால் அவர்கள் 20 முதல் 59 வயதுவரை உள்ளவர்கள். உங்கள் வயதில் ஒருவரும் அதில் இல்லை.

எலும்புப்புரைக்கு மருந்து என்று எந்தக் கனபினொயிட்டையும் எந்த நாடும் இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. அதை எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவது குறைந்தது என்று காட்டிய பெரிய ஆய்வு ஒன்றும் இல்லை. கனடாவில் மருந்து என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க எண் ஒன்று பெட்டியில் இருக்கும். உங்கள் வீட்டில் இருக்கும் பிறெஷர் குளிசைப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள், இருக்கும். எண்ணெய்ப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள், இருக்காது.

அந்தப் போத்தலையே இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்துப் பாருங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. சிவப்பு நிறத்தில், வீதியில் நிற்கும் ஸ்ரொப் பலகை மாதிரி எட்டுப் பக்கக் குறி ஒன்று இருக்கிறதா? அதற்குள் ஒரு வெள்ளை இலையும் THC என்ற எழுத்துகளும்? இருந்தால் அதில் ரிஎச்சி இருக்கிறது. "சிபிடி எண்ணெய்தான் தம்பி, போதை இல்லையாம்" என்று சொல்லி ஓர் அன்ரி காட்டிய போத்தலிலும் அந்தக் குறி இருந்தது. எவ்வளவு என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் மில்லிகிராம் கணக்கில் எழுதியிருப்பார்கள். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.

அளவையும் பாருங்கள். சிபிடியை உண்மையான மருந்தாக அமெரிக்கா 2018இல் ஏற்றுக்கொண்டது, கடுமையான வலிப்பு நோயுள்ள பிள்ளைகளுக்காக. அதில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம் என்பது சாதாரண அளவு. அறுபது கிலோ உள்ள ஒருவருக்கு 600 மில்லிகிராம். ஒரு மில்லிலீற்றருக்கு 25 மில்லிகிராம் என்று எழுதிய எண்ணெயில் அரை மில்லி விடுகிறவருக்குப் போவது பன்னிரண்டரை. அதிலும் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சிறு பங்குதான். வெறும் வயிற்றில் எடுப்பதற்கும் கொழுப்புச் சாப்பாட்டோடு எடுப்பதற்கும் நாலு மடங்கு வித்தியாசம். பிளேன்ரீயோடு எடுத்த நாளும் ஆட்டிறைச்சிக் கறியோடு எடுத்த நாளும் ஒன்றல்ல. இதற்காக அளவைக் கூட்டுங்கள் என்று நான் சொன்னதாக ஆரும் எடுக்க வேண்டாம். அந்த வலிப்பு மருந்தின் தாளிலேயே ஈரல் பழுதாகலாம், பசி குறையலாம், உடல் மெலியலாம், நித்திரை மயக்கம் வரலாம் என்று எழுதியிருக்கிறது.

நித்திரை மயக்கம். எனக்கு இங்கேதான் பயம்.

எலும்புப்புரை உள்ளவருடைய இடுப்பு எலும்பு பெரும்பாலும் தானாக முறிவதில்லை. அவர் விழுகிறார், அது முறிகிறது. ரிஎச்சியை எண்ணெயாகக் குடித்தால் வேலை செய்யத் தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணிவரை எடுக்கும். முழு வேகம் வர நாலு மணிவரை போகலாம். பன்னிரண்டு மணி நேரம்வரை நிற்கும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு துளிப்பானளவு நாக்கில் விட்டுக்கொண்டு படுக்கிறீர்கள். ஒரு மணிக்குச் சலம் போக எழும்புகிறீர்கள். அது முழு வேகத்தில் நிற்கும் நேரம். படுத்து எழும்பும்போது பிறெஷரை இறக்கும் குணமும் ரிஎச்சிக்கு உண்டு, நீங்கள் ஏற்கெனவே பிறெஷருக்குக் குளிசை எடுக்கிறீர்கள், சிலர் நித்திரைக் குளிசையும் எடுக்கிறீர்கள். மகளை எழுப்பக்கூடாது என்று லைற் போடமாட்டீர்கள். குளியலறை வாசலில் ஒரு கால்மிதி. எலும்பைக் காக்க எடுத்த எண்ணெயால் எலும்பு முறிவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறைக்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு வருகிறேன். ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகள் சிலவற்றை சிபிடி தடுத்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுக்கிற ஒருவர் சிபிடியும் எடுத்தால், வார்பரின் உடைபடாமல் உடம்பில் தேங்கி இரத்தப்போக்கு வரலாம். வலிப்புக்கு, மாற்றுச் சிறுநீரகத்துக்கு எடுக்கும் மருந்துகள் சிலவற்றுக்கும் இதே கதிதான். உங்கள் மருந்துப் பட்டியல் என் கணினியில் இருக்கிறது. எண்ணெய் வேறு கடையில் வாங்கியது என்பதால் அதில் இல்லை. எதற்கு எது ஒத்துவராது என்று கணினி எச்சரிக்க வேண்டுமானால் நீங்கள் வாய் திறக்க வேண்டும். டொக்டரிடம் சொல்ல வெட்கமென்றால் என்னிடம் சொல்லுங்கள். என்னிடமும் சொல்ல வெட்கமென்றால் கடதாசியில் எழுதி நீட்டுங்கள். அப்படிச் செய்தவர்களும் உண்டு.

"முழங்கால் நோ குறைஞ்சது, எலும்புக்கு வேலை செய்யுது எண்டுதானே அர்த்தம்?" என்றார் ஓர் ஐயா. அந்த நோ மூட்டுச் சவ்வு தேய்ந்ததால் வருவது. எலும்புப்புரை நோவதில்லை என்று முன்னமே சொன்னேன். ஆக ஒன்றை வைத்து மற்றதை அளக்க முடியாது. மூட்டு நோவிலும், டென்மார்க்கில் கை மூட்டு வருத்தக்காரருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் சிபிடியைப் பன்னிரண்டு கிழமை கொடுத்துப் பார்த்து, வெறும் குளிசையோடு ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் இல்லை. அந்த ஐயாவுக்கு நோ குறைந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. நித்திரை கொண்டிருப்பார், நித்திரை கொண்டால் நோ குறையும்.

என்னை உண்மையில் எரிச்சல்படுத்துவது வேறொன்று. மாதம் அறுபது எழுபது டொலர் கொடுத்து இந்த எண்ணெயை வாங்குகிற சிலருடைய மேசை லாச்சிக்குள், எலும்புப்புரைக்கு எழுதிக் கொடுத்த அலென்ட்ரோனேற் குளிசை உடைக்காமல் கிடக்கிறது. கிழமைக்கு ஒரு குளிசை. விடிய வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அந்த அரை மணியில் ரீ குடிக்க முடியாதென்பதால் விட்டவர்கள் இருக்கிறார்கள். தாடை எலும்பு அழுகுமாம் என்று கேட்டுப் பயந்து விட்டவர்களும் இருக்கிறார்கள். அப்படி நடப்பது மிக அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலே சொல்லிவிட்டால் அதற்கும் வழி உண்டு. ஆனால் அந்தக் குளிசை எலும்பு முறிவதைக் குறைக்கிறது என்பது எலியில் இல்லை, ஆயிரக்கணக்கான மனிதரில் காட்டப்பட்டது. எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: ஊருக்குப் போகிறேன், வந்து போடுகிறேன் என்று ஊசியைப் பின்போடாதீர்கள். அதை இடையில் விட்டால், அதுவரை அடங்கியிருந்த அரிக்கும் கலங்கள் ஒரேயடியாக எழும்பி முதுகெலும்பு நொறுங்கிப்போவது உண்டு. ரிக்கற் எடுக்கமுன் திகதியைப் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, குரக்கன்மாவும் எள்ளும் தலையோடு பொரித்த நெத்தலியும் நீங்கள்தான் எங்களுக்குப் பழக்கினீர்கள். நூறு கிராம் குரக்கனில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. கடையில் ஹெம்ப் விதை என்று விற்பதை எலும்புக்கென்று வாங்குகிறவர்களுக்கு: அது நல்ல சாப்பாடுதான், ஆனால் கல்சியம் எள்ளுக்குக் கிட்டவும் வராது, சிபிடியும் அதில் இல்லையென்றே சொல்லலாம். குரக்கனால் தீராதது விற்றமின் டி. நவம்பரிலிருந்து பெப்ரவரிவரை இந்த ஊர் வெயில் தோலில் விற்றமின் டியை உண்டாக்கும் அளவுக்கு ஏறுவதில்லை, எங்கள் நிறத் தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். நீங்கள் அப்போதும் சுவெற்றரும் சால்வையுமாகத்தானே வெளியில் வருகிறீர்கள். இது பலசரக்குக் கடையிலேயே மலிவாகக் கிடைக்கும் குளிசை. எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், உங்கள் எலும்பு எப்படி இருக்கிறது என்று அளந்து பார்த்தீர்களா? எழுபது தாண்டிய எல்லாரும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கனடாவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. 65க்கும் 69க்கும் இடையில், எலும்பு முறியும் அபாயத்துக்கான காரணம் ஒன்று இருந்தாலே போதும். ஐம்பது தாண்டியவர், சின்ன விழுகையில் முன்பு ஏதாவது முறிந்திருந்தால் இப்போதே செய்யலாம். உடுப்போடு படுத்திருந்தால் சரி, பத்துப் பதினைந்து நிமிஷம், ஊசி இல்லை. ரி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். கழித்தல் இரண்டரையோ அதற்குக் கீழோ என்றால் எலும்புப்புரை. குடும்ப டொக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார்.

ஐயாமாரே, இது பொம்பிளையளின் வருத்தம் என்று நினைத்து இந்த மடலை மனைவியின் பக்கம் தள்ளிவிடாதீர்கள். ஐம்பது தாண்டிய ஆண்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு எலும்புப்புரையால் ஏதாவதொரு முறிவு வருகிறது. இடுப்பு முறிந்த பின் ஓராண்டுக்குள் சாவது பெண்களைவிட ஆண்களில் கூட. என் கடையில் எலும்பு மருந்து வாங்குகிற ஆண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், எண்ணெய் எடுக்கிறதாகக் காதுக்குள் சொல்கிற ஆண்களுக்கு இரண்டு கையும் போதாது.

அடுத்த முறை குளிசைகளோடு எண்ணெய்ப் போத்தலையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கடையின் பின்பக்கம் கதவு சாத்தக்கூடிய சின்ன அறை ஒன்று இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் ஆள்கள் குறைவு.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடைத் தம்பி